பிடித்துக்கொண்ட நட்டுக்கு எந்த எண்ணெய், எவ்வளவு நேரம்

உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து போர்வெல் தலையில் குழாயை இணைக்கும் ஃப்ளேஞ்ச் தட்டின் நட்டும், மதுரைக்குள் ஓடும் மொபட்டின் பெண்ட் பைப் (இன்ஜின் புகை போகும் வளைந்த குழாய்) நட்டும் ஒரே மாதிரி அசையாமல்தான் நிற்கும். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது வேறு வேறு சரக்கு. அது தெரியாமல் கடைக்குப் போய் ‘ரஸ்ட் ஸ்ப்ரே ஒண்ணு குடுங்கண்ணே’ என்று கேட்டால் பாதி நேரம் காசுதான் வீண்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு உற்றுப் பாருங்கள். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் துரு. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மரைக்குள் அந்த இடம் கிடையாது, அதனால்தான் இறுகுகிறது. அலுமினியத்தில் ஏறிய போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு தெரிந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது. போர்வெல் குழாயில் வெள்ளையாகக் கல் மாதிரிப் படிந்திருந்தால் அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது உப்புத்தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. மரையில் காய்ந்த சிவப்பு அல்லது நீலப் பசை தெரிந்தால் யாரோ மரைப்பசை போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

எண்ணெய் வேலை செய்வது துருவுக்கும், ஓரளவு அலுமினிய மாவுக்கும். மற்றவற்றுக்கு வழி வேறு.

துருவுக்கு வேண்டியது மெல்லிய எண்ணெய். துரு அடைத்த மரைக்குள் எண்ணெய் தானாக ஏறிப்போக வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில், ஒர்க்‌ஷாப் கழிவு ஆயில், கிரீஸ், வீட்டுத் தேங்காய் எண்ணெய் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். கழிவு ஆயிலில் கரி வேறு இருப்பதால் இருக்கிற வழியையும் அடைக்கும்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி அதைச் செய்தது, உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்கு. பெயரின் பொருளும் அதுதான்: நீரை வெளியேற்றும் கலவை, 40ஆவது முயற்சி. லேசாகத் துருப்பிடித்த நட்டுக்கு அது போதும். வருடக்கணக்கில் மழையில் நின்ற நட்டுக்கு, டப்பாவில் ‘பெனிட்ரன்ட்’ (ஊடுருவும் எண்ணெய்) என்று தனியாகப் போட்டிருக்கும் ஸ்ப்ரேயைக் கேட்டு வாங்குங்கள். அதே கம்பெனியே அதைத் தனி டப்பாவில்தான் விற்கிறது.

கையில் கலக்குவதென்றால் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயில் 50 மில்லி, அசிட்டோன் 50 மில்லி. நன்றாக உள்ளே போகும். ஆனால் இரண்டும் சரியாகக் கலக்காது, நின்றால் பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் விட்டால் அசிட்டோன் மரைக்குள் போவதற்குள் ஆவியாகிவிடும், வெயில் சாய்ந்தபின் விடுங்கள். அதன் ஆவி உறைகுளிரிலேயே தீப்பிடிக்கக் கூடியது. பக்கத்தில் பீடி, வெல்டிங், மோட்டார் ஸ்விட்ச் எதுவும் கூடாது. பெயின்டைக் கரைக்கும், பிவிசி குழாயையும் கேபிள் உறையையும் இளக்கும், ஆகவே போர்வெல் தலைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். எங்கள் சிபாரிசு, அசிட்டோனுக்குப் பதில் பெயின்ட் கடை மினரல் டர்பன்டைன். அதே அளவு ஊற்றினால் ஏடிஎஃப்புடன் ஒன்றாகக் கலந்துவிடும், சீக்கிரம் ஆவியாகாது. வேகம் கொஞ்சம் குறைவு, ஒரு ராத்திரி கூடுதலாக ஊற விட்டால் சரியாகிவிடும். கழற்றி எடுத்த சாமானை மொத்தமாக ஊறப்போட டீசலே போதும்.

இனி செய்முறை. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்க்கவும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நட்டு கழன்று வரும் பாதையே அதுதான். அழுக்கோடு விட்டால் ரெண்டு சுற்று வந்து மறுபடி பிடிக்கும். படுக்கைவாட்டில் இருக்கும் போல்ட்டில் எண்ணெய் வழிந்தோடாமல் இருக்க நட்டைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, அதற்குள் எண்ணெய் தேங்க விடலாம். வரப்பு நிற்காத இடத்தில் எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒரு தடவைக்கு ஐந்தாறு சொட்டு. சாயங்காலம், படுக்கப்போகும் முன், விடிந்ததும் என மூன்று தடவை. ஒரே மூச்சில் கால் டப்பா அடிப்பதால் தரைதான் நனையும்.

ஒவ்வொரு தடவையும் எண்ணெய் விட்டபின் தட்ட வேண்டும். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப் பக்கத்தில் அரைக் கிலோ சுத்தியலால் இருபது தட்டு. ஓங்கி அடிக்கக் கூடாது. துருப்படலத்தில் விரிசல் விழுந்தால்தான் எண்ணெய்க்குப் பாதை. எண்ணெயைவிட இந்தத் தட்டுதான் பாதி வேலையைச் செய்கிறது.

ஸ்பேனர் போடும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலிழை. ‘டக்’ என்று சத்தம் வந்தால் பிடி விட்டது. பிறகு கால் சுற்று கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, ஒரு சொட்டு விட்டு மறுபடி. ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும். பன்னிரண்டு மூலை ரிங் முனையை மழுக்கிவிடும். ‘கிரீச்’ என்று இழுத்தால் இன்னும் காய்ந்திருக்கிறது, நிறுத்தி எண்ணெய் விடவும். சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி இளகிக்கொண்டு வந்தால் போல்ட் முறுக்கிக்கொள்கிறது; இன்னும் கால் சுற்றில் தலை கையோடு வந்துவிடும்.

ஸ்பேனரை நீளமாக்கப் பைப் மாட்டித் திருகும் முன் ஒரு கணக்கு. தலையில் 8.8 என்று வலு எண் குத்திய 6 மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கத் தேவையான முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரை 20 கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 60 வந்துவிடும். சின்ன போல்ட் ஒடிவது பெரும்பாலும் இதனால்தான். சைக்கிளின் இடது பெடல், பெஞ்ச் கிரைண்டரின் இடது சக்கரம் போன்றவற்றில் மரை இடம்புரியாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இறுக்கிக்கொண்டே ‘இன்னும் எண்ணெய் போடு’ என்பவர்கள் உண்டு.

எண்ணெய்க்கு மசியாதது சூட்டுக்கு மசியும். ஸ்ப்ரேக்களை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் எரிவாயு. அடித்த கையோடு தீயைக் காட்டக் கூடாது. துடைத்து, காய விட்டு, நட்டை மட்டும் சூடேற்றி, கை தாங்கும் அளவு ஆறியதும் எண்ணெய் விடுங்கள். சுருங்கும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த அளவு ஆறும் முன் மெழுகுவர்த்தியைச் சூட்டு மரையில் தேய்த்தாலும் உருகி ஏறும். பேரிங், ஆயில் சீல், டயர், டேங்க் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங்கோ தீயோ கூடவே கூடாது, குளோரின் கலந்தவை சூட்டில் நச்சுப் புகையாகும்.

மொபட் பெண்ட் பைப் நட்டுக்கு வருவோம். அலுமினிய ஹெட்டில் 6 மில்லிமீட்டர் ஸ்டட் (தலையில்லாத போல்ட்), அதன்மேல் 10 நம்பர் ஸ்பேனர் போகும் நட்டு. அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும் என்பதால் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எண்ணெய் விட்டுத் தட்டுங்கள். கொதிக்கும் சைலன்சரில் எண்ணெய் விட்டால் புகைந்து தீப்பற்றலாம். ஸ்டட் ஒடிந்தால் ஒடிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டை உடனே போட வேண்டாம். அது உள்ளேயே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. நீட்டிய துண்டின்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டிலேயே கழற்றுவதே நல்ல வழி.

போர்வெல் ஃப்ளேஞ்சில் சுண்ணாம்பை முதலில் எடுத்தாக வேண்டும். எண்ணெயை முதலில் விட்டால் சுண்ணாம்பின்மேல் படலமாகி வினிகரைத் தடுக்கும். போர் வாயைச் சாக்கும் பிளாஸ்டிக்கும் வைத்து மூடி, வினிகரில் நனைத்த துணியை நட்டில் சுற்றி ஒன்று இரண்டு மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒருமுறை துணியை மாற்றவும். கரைந்ததும் ஒரு செம்பு தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய். நட்டைத் தொடும் முன் உள்ளே தொங்கும் குழாய் கிளாம்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மோட்டார் கீழே போய்விடும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இதற்கெல்லாம் எடுக்காதீர்கள். தலையில் 10.9, 12.9 என்று குத்தியிருக்கும் அதிக வலுவுள்ள போல்ட் அதில் நொறுங்கும் தன்மைக்குப் போய், பிறகு இறுக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒடியும்.

சிவப்பு மரைப்பசைக்கு எண்ணெய் பயனில்லை. 250 டிகிரி வரை சூடேற்றி, சூட்டிலேயே கழற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் கடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாக ஒட்டியது போலத்தான், அறுத்து எடுப்பதே மிச்சம். டிராக்டர் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரின் கத்தி போல்ட்டும் அப்படியே. கிரைண்டரால் அறுத்துப் புதிது போடுவது ஒரு நாள் ஊற வைப்பதைவிட மலிவு.

திரும்பப் பூட்டும்போது ஊடுருவும் எண்ணெயை நம்ப வேண்டாம், நிற்காமல் ஓடிவிடும். சைலன்சருக்குச் செம்புக் கிரீஸ், ஸ்டெயின்லெஸுக்கு நிக்கல் பேஸ்ட், தண்ணீரில் நிற்கும் ஃப்ளேஞ்சுக்குத் தண்ணீர் கரைக்காத கிரீஸ். ஈரம் படும் அலுமினியத்தில் செம்பு வேண்டாம், அரிப்பைக் கூட்டும். பேஸ்ட் போட்ட மரை வழுக்கும். வறண்ட மரைக்குச் சொல்லும் முறுக்கில் சுமார் கால் பங்கு குறைத்து இறுக்குங்கள். சக்கர நட்டில் மட்டும் கம்பெனிப் புத்தகம் சொன்னாலொழிய எதுவும் தடவாதீர்கள்.