எஸ்யூவிக்கு சைடு ஸ்டெப்பும் மட்ஃப்ளாப்பும்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயரமான எஸ்யூவியில் முதியவர்களும் குழந்தைகளும் சிரமமின்றி ஏறி இறங்குவதற்காக சைடு ஸ்டெப்பையும், சக்கரம் வாரியடிக்கும் சேறும் சரளைக் கற்களும் கதவின் பெயின்டைக் கெடுக்காமல் இருப்பதற்காக மட்ஃப்ளாப்பையும் பலர் சேர்த்தே வாங்குகிறார்கள். வாங்கும்போது பெரும்பாலும் பளபளப்பும் விலையும்தான் பேசப்படுகின்றன. அந்தப் பொருள் வண்டியின் எந்தப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பின்னாளில் வரும் ஆட்டம், சத்தம், துரு ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருவதே.

லேடர் சேஸிஸ், அதாவது ஏணி வடிவிலான தனி இரும்புச் சட்டம் கொண்ட வண்டியில் சைடு ஸ்டெப்பின் பிராக்கெட்டைக் கனமான சட்டத்தில் நேரடியாக முடுக்க முடியும். வண்டியின் உடல்பகுதியே சட்டமாகவும் வேலை செய்யும் மோனோகாக் அமைப்பில் தனிச் சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியும் தரைத்தகடும்தான் எடையைத் தாங்க வேண்டும். இன்று சாலையில் ஓடும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. சைடு ஸ்டெப்புக்கென்றே பல மாடல்களில் தயாரிப்பாளரே மரையிட்ட துளைகளை விட்டிருப்பார். ரப்பர் மூடியோ டேப்போ அவற்றை மறைத்திருக்கும். குனிந்து பார்த்து அந்தத் துளைகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்குப் பொருந்தும் பிராக்கெட் உள்ள கிட்டை மட்டுமே வாங்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் யுனிவர்சல் கிட், பல நேரங்களில் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. அதைப் பொருத்துபவர் வேறு வழியின்றித் துளையிடுவார், அல்லது சில்லின் அடியில் இரண்டு தகடுகள் சேர்த்து வெல்டிங் செய்யப்பட்ட மெல்லிய விளிம்பில் கிளாம்ப் போடுவார். ஆள் ஏறும் ஒவ்வொரு முறையும் பிராக்கெட் நெம்புகோலாக வேலை செய்வதால், அந்த விளிம்பு நாளடைவில் நெளிந்து, மேலிருக்கும் பாதுகாப்புப் பூச்சும் வெடித்துவிடும்.

துளையிடுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் ஒயர் கட்டுகளும் சில்லை ஒட்டியோ அதன் உட்புறத்திலோதான் பெரும்பாலும் செல்கின்றன. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் தரையடியில் உயர் மின்னழுத்த பேட்டரியும் ஆரஞ்சு நிறக் கேபிள்களும் இருக்கும். அங்கே தயாரிப்பாளர் குறிக்காத இடத்தில் டிரில்லை வைப்பதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. சாதாரண வண்டியில்கூடத் தவிர்க்கவே முடியாமல் துளையிட நேர்ந்தால், பிசிறுகளையும் இரும்புத் துகள்களையும் முழுமையாக அகற்றி, வெட்டுப்பட்ட விளிம்பில் துருத்தடுப்பு பிரைமர் பூசிய பிறகே போல்ட்டை ஏற்ற வேண்டும். சில்லின் அடியிலும் கதவின் அடியிலும் உள்ள சிறு வடிகால் துளைகளை பிராக்கெட்டோ சீலன்ட்டோ அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் நீர் வெளியே தெரியாமலேயே தகட்டை அரித்துவிடும்.

பொருத்தி முடித்ததும் பலர் மறப்பது ஜாக்கியை. வண்டியைத் தூக்குவதற்கான இடங்கள் அதே சில்லின் அடியில்தான் இருக்கின்றன. சைடு ஸ்டெப் அவற்றை மறைத்துவிட்டால், டயர் பஞ்சரான நேரத்தில் வண்டியோடு வந்த ஜாக்கி அங்கே நுழையாது. நுழைந்தாலும் கைப்பிடியைச் சுழற்ற இடமிருக்காது. பணத்தைக் கொடுப்பதற்கு முன், கடையிலேயே அந்த ஜாக்கியை எடுத்து நான்கு இடங்களிலும் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. சைடு ஸ்டெப்பின் மேலேயே ஜாக்கியை வைத்துத் தூக்க முயல்வது அதைவிடப் பெரிய தவறு. அது அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல.

முடுக்குவதிலும் முறை இருக்கிறது. முதல் பிராக்கெட்டை முழுவதுமாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசிப் பிராக்கெட்டின் துளை நேராக அமையாது. பிறகு அதை அடித்து வளைத்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, ஸ்டெப்பைக் கதவுக்கு இணையாக நிறுத்தி, அதன்பின் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் கிட்டின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்றுக்கு 8.8 என்ற வலிமைத் தரத்தில் ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். வண்டியின் சில் தகட்டில் பதித்த நட்டோ அதைவிடக் குறைவாகவே தாங்கக்கூடும் என்பதால், அதிர்ந்து வேகமாக முடுக்கும் இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் நட் பிடிவிட்டுச் சுழன்று, போல்ட்டைக் கழற்றவும் முடியாமல் போகும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கத்தைச் சரிபார்ப்பது அவசியம். அலுமினிய ஸ்டெப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். இடையே ஒரு நைலான் வாஷர் போட்டால் அது குறையும்.

தேர்வில் நடக்கும் தவறுகளையும் சொல்ல வேண்டும். பாதத்தின் பாதிகூட நிற்காத ஒல்லியான ஸ்டெப் எதற்கும் உதவாது. அதைத் தாண்டிக் காலை எட்டி வைத்து இறங்கும்போது அதில் படிந்த சேறு முழுவதும் கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளும். மெருகேற்றிய வட்டக் குழாய் மழையில் வழுக்கும் என்பதால், மேற்பரப்பில் சொரசொரப்பான ரப்பர் பட்டை உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டெப் கீழே தொங்கும் அளவுக்குத் தரை இடைவெளி குறைகிறது. மேடான இடத்தைக் கடக்கும்போது இரு சக்கரங்களுக்கும் நடுவே முதலில் தட்டுவது அதுதான். பக்கவாட்டு மோதலிலோ கரடுமுரடான பாதையிலோ இது வண்டியைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பாறையில் இடித்தால் சாதாரண ஸ்டெப் வளைந்து பிராக்கெட்டை சில்லுக்குள் தள்ளிவிடும். அந்த வேலைக்கென்று கனமான ராக் ஸ்லைடர்கள் தனியாக இருக்கின்றன.

இரண்டையும் ஒன்றாக வாங்குபவர்கள் எதிர்பாராத சிக்கல் முன்சக்கரத்துக்குப் பின்னால் காத்திருக்கிறது. முன் மட்ஃப்ளாப்பின் கீழ்ப்பகுதியும் சைடு ஸ்டெப்பின் முன்முனையும் அதே ஒரு சாண் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. தனித்தனியாக வாங்கினால் ஒன்றை வெட்டித்தான் மற்றதைப் பொருத்த வேண்டிவரும். வெட்டிய ஃப்ளாப் ஸ்டெப்பில் உரசிக் கீச்சிடும். ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று இடம்விடும்படி வடிவமைக்கப்பட்டவையா என்று உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். பொருத்தும்போது ஸ்டெப்பை முதலில் நிலைநிறுத்திவிட்டு ஃப்ளாப்பைப் பிறகு அளப்பது எளிது.

மட்ஃப்ளாப்பைச் சோதிக்க ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயருக்கும் ஃப்ளாப்புக்கும் இடையே விரல்களை விட்டுப் பார்க்க வேண்டும். அதோடு, வண்டி முழு ஆட்களையும் சுமந்து சஸ்பென்ஷன் அமுங்கும் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃப்ளாப் தரையை நெருங்கும் அளவுக்கு நீளமாக இருந்தால், பின்னோக்கி எடுக்கும்போது நடைபாதை விளிம்பில் மாட்டி சக்கரத்தால் இழுக்கப்பட்டு, தன்னைப் பிடித்திருந்த லைனரையும் (சக்கர வளைவின் உட்புற உறை) சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவைத் தகட்டில் நேரடியாக ஏற்றாமல், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ இடங்களையே பயன்படுத்துவது மேல். ஃப்ளாப்புக்கும் பெயின்டுக்கும் நடுவே சிக்கும் மணல் ஓட்டத்தின் அதிர்வில் உப்புத்தாள்போல் தேய்க்கும் என்பதால், பொருத்துவதற்கு முன் அந்த இடத்தைக் கழுவி உலர்த்தி, ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒன்றை ஒட்டிவிட வேண்டும். பின்பக்க ஃப்ளாப்பைப் பொருத்தும்போது சைலன்சர் முனை எவ்வளவு அருகில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நேரடியாகச் சூடான புகை படும் இடத்தில் பிளாஸ்டிக் ஃப்ளாப் உருகி வளைந்துவிடும், அங்கே சற்றுக் குட்டையான ஃப்ளாப்பே சரி.