சூடானால் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்

காலையில் உடனே கிளம்பும் என் சிறிய டீசல் கார், எஞ்சின் சூடேறிய பிறகு நிறுத்தினால் மட்டும் அடம் பிடித்தது. பேட்டரியிலும் ஸ்டார்ட்டரிலும் குறையில்லை. காமன் ரயில் எஞ்சினில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ‘ரயில்’ என்ற குழாயில் அழுத்தம் சுமார் 200 பாரைத் (பார் என்பது அழுத்த அலகு) தொடாவிட்டால் காரின் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. ஆகவே அழுத்தம் எங்கே வீணாகிறது என்று தேடினோம்.

மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும், நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் மெக்கானிக் தனித்தனி பாட்டில்களில் விட்டு எஞ்சினை ஓடவிட்டார். மற்ற மூன்றிலும் அடி நனைவதற்குள் ஒரு பாட்டில் பாதி நிரம்பிவிட்டது! சூட்டில் டீசல் இளகுவதால், அந்த இன்ஜெக்டருக்குள் தேய்ந்த இடத்தில் கசிவு கூடியிருக்கிறது. அழுத்தம் தரும் பம்ப்பை மாற்றச் சொன்னவர்களும் உண்டு. அது வீண் செலவாகியிருக்கும்.

அந்த இன்ஜெக்டரை மட்டும் மாற்றி, புதிய செப்பு வாஷர் போட்டு, புதிய இன்ஜெக்டர்மேல் பொறித்திருந்த குறியீட்டை ஸ்கேனர் மூலம் கணினியில் பதிந்தோம். உயர் அழுத்தக் குழாயை மட்டும் எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த டீசல் தோலைத் துளைத்துவிடும்.