சட்ட ஆய்வில் ஏ.ஐ.: மாணவர்களுக்கும் ஜூனியர்களுக்கும் ஒரு செய்முறை விளக்கம்

விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துக் காயம்பட்டதாகச் சொல்லி, பயணி ஒருவர் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். சாதாரண நஷ்டஈட்டு வழக்குதான். ஆனால் 2023-ல் அவருடைய வழக்கறிஞர்கள் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த எழுத்துபூர்வ வாதத்தில் காட்டிய ஆறு தீர்ப்புகள் எங்குமே இல்லை. எல்லாம் சாட்ஜிபிடி புனைந்து கொடுத்தவை. நீதிபதி கேஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தப் பொய்த் தீர்ப்புகளை எழுதியவர்களாகக் காட்டப்பட்டிருந்த நிஜ நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதித் தெரிவிக்கவும் உத்தரவிட்டார்.

அதே உத்தரவில் அவர் இன்னொன்றும் சொன்னார்: நம்பகமான ஏ.ஐ. கருவியை உதவிக்கு வைத்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. கையெழுத்துப் போடுகிறவர்தான் உள்ளே இருப்பது சரியா என்று பார்க்கக் கடமைப்பட்டவர். இந்த விளக்கம் முழுவதும் அந்தக் கடமையைப் பற்றியதுதான். சட்டக் கல்லூரியில் படிப்பவர்களையும், சீனியரிடம் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், கருவி என்ன செய்கிறது?

சாட்ஜிபிடி போன்ற கருவிகளின் உள்ளே இருப்பது மொழி மாதிரி (language model) என்ற மென்பொருள். அது, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. தீர்ப்பு மேற்கோளுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு: இருதரப்புப் பெயர், ஆண்டு, தொகுதி, பக்க எண். அந்த வடிவத்தை அது கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நிரப்புகிற பெயரும் எண்ணும் உண்மையா என்பது வேறு விஷயம். ஆகவே பார்வைக்குச் சரியாக இருப்பதை எந்தச் சான்றாகவும் கொள்ளாதீர்கள்.

சட்டத் துறைக்கென்றே விற்கப்படும் கருவிகள் முதலில் தீர்ப்புத் தொகுப்பில் தேடி, கிடைத்ததை வைத்துப் பதில் எழுதுகின்றன. இவை பொதுக் கருவிகளைவிட மேல். ஆனாலும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-ல் இப்படிப்பட்ட முன்னணிக் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கேள்விகளில் ஒன்றுக்காவது, சிலவற்றில் அதற்கும் மேல், புனைவு கலந்த பதில் வந்தது. சந்தா கட்டியிருக்கிறோம் என்பதற்காகச் சரிபார்ப்பைக் குறைக்க வேண்டாம்.

படி 1: தட்டச்சு செய்யும் முன் நிறுத்துங்கள்

கட்சிக்காரர் நம்மை நம்பிச் சொன்னது நமக்குச் சொந்தமில்லை. கருவியின் நிபந்தனைகளில் மூன்றைத் தேடிப் படியுங்கள்: நாம் இடுவதைக் கருவியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்கிறார்களா, எவ்வளவு காலம் சேமித்து வைக்கிறார்கள், நிறுவனத்தில் யாராவது அதைப் பார்க்க முடியுமா. பதில் தெளிவாக இல்லாவிட்டால் வழக்கின் விவரம் எதையும் அதில் இடக்கூடாது.

பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பதவி, மாதம், நடந்த சம்பவம் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இந்த இரண்டு கேள்விகளையும் பாருங்கள்:

"என் கட்சிக்காரர் ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். மருந்துக் கணக்கில் குளறுபடி என்று சொல்லி மார்ச் மாதம் ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கினார்கள். எங்களுக்குச் சாதகமான தீர்ப்புகள் தரவும்."

"தனியார் நிறுவன ஊழியர் ஒருவரை, விளக்கம் கேட்காமல், முறைகேட்டைக் காரணம் காட்டி நீக்கினால் எழும் சட்டக் கேள்விகள் எவை? இரு தரப்பும் என்னென்ன வாதங்களை வைக்கக்கூடும்?"

இரண்டாவதில் கட்சிக்காரரின் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. ஆய்வுக்கும் அதுதான் நல்ல கேள்வி.

விவரங்களை இட்டே ஆக வேண்டிய வேலை என்றால், கட்சிக்காரரிடம் அபாயத்தை விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட 512-ஆம் எண் கருத்துரை இதைக் கறாராகச் சொல்கிறது: ஒப்பந்தப் படிவத்தில் பொத்தாம்பொதுவாக ஒரு வரி சேர்ப்பது விவரமறிந்த சம்மதம் ஆகாது.

படி 2: கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

"தீர்ப்புகள் கொடு" என்று தொடங்குவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். மேலே இரண்டாவது கேள்வியில் கேட்டதுபோல, எழக்கூடிய சட்டக் கேள்விகளையும், தேடுவதற்கான சொற்களையும், எதிர்த்தரப்பு வைக்கக்கூடிய வாதங்களையும் கேளுங்கள். இவற்றில் தவறு வந்தாலும் தேடும்போது தெரிந்துவிடும். நாடு, நீதிமன்றம், எந்தத் தேதி நிலவரப்படி என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரு நாட்டுச் சட்டத்தை இன்னொன்றோடு கலந்து கொடுத்துவிடும்.

இன்னொரு பழக்கமும் இந்தக் கருவிகளுக்கு உண்டு. நீங்கள் சாய்கிற பக்கமே அவையும் சாயும். "என் வாதம் சரிதானே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆமோதிக்கும். அதனால் ஒவ்வொரு கேள்வியையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நின்று மறுபடி கேளுங்கள். நமக்குப் பாதகமான தீர்ப்பைத் தேடிப் பார்ப்பது ஆய்வின் பாதி வேலை. ஏ.ஐ. வந்ததால் அது குறைந்துவிடவில்லை.

படி 3: சரிபார்ப்பு

நேரம் செலவாக வேண்டியது இங்கேதான். மற்றப் படிகளில் அவசரப்பட்டாலும் இதில் வேண்டாம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் மூன்று கேள்விகள்.

அது இருக்கிறதா? நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தளத்திலோ, நம்பகமான தீர்ப்புத் தொகுப்பிலோ நீங்களே தேடி எடுங்கள். அந்தக் கருவியிடமே கேட்கக் கூடாது. ஏவியாங்கா வழக்கில் வழக்கறிஞர் "இது நிஜமான வழக்கா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். ஆமாம் என்றது. பிரபலமான சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்றும் சொன்னது.

நாம் சொல்வதை அது சொல்கிறதா? இல்லாத தீர்ப்பைக் கண்டுபிடிப்பது எளிது, தேடினால் கிடைக்காது. இருக்கிற தீர்ப்பின் வாயில் சொல்லாத சொல்லைத் திணிப்பதுதான் ஆபத்து. தீர்ப்பின் முற்பகுதியில் இருதரப்பு வாதங்களையும் நீதிபதி பதிவு செய்திருப்பார். கருவி அந்தப் பத்தியைச் சுருக்கி, நீதிமன்றமே அப்படி முடிவு செய்ததாகச் சொல்லிவிடும். சிறுபான்மை நீதிபதியின் மாறுபட்ட கருத்தையும், போகிறபோக்கில் சொன்ன கருத்தையும்கூடத் தீர்ப்பின் சாரமாக்கிவிடும். சுருக்கத்தை மட்டும் பார்க்காமல், நீங்கள் எடுத்தாளும் பத்தியையும் அதற்கு முன்பின் பக்கங்களையும் மூலத்தில் படியுங்கள்.

அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? மேல்முறையீட்டில் ரத்தானதா, பெரிய அமர்வு மாற்றியதா, சட்டமே திருத்தப்பட்டதா என்று பாருங்கள். கருவி படித்த எழுத்தில் பெரும்பகுதி பழையது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. மோசடி என்றதும் கருவிக்கு 420 தான் முதலில் நினைவுக்கு வரும். புதிய சட்டத்தில் அது 318-ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்றால், பழையதுதான். இந்தத் தேதிக் கணக்கைக் கருவியின் பொறுப்பில் விடக் கூடாது.

பார்த்ததை ஒரு தாளில் குறியுங்கள்: தீர்ப்பின் பெயர், எங்கே எடுத்தது, படித்த பத்தி எண், தேதி, படித்தவர் பெயர். சீனியர் கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம். ஒரு வரியில் "படித்தவர்" என்ற இடம் காலியாக இருந்தால் அந்தத் தீர்ப்பு மனுவில் போகக் கூடாது.

அடுத்தவர் கொடுத்ததற்கும் இதே விதிதான். 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு விவகாரத்தில், காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் இல்லவே இல்லை. கட்சிக்காரரே ஏ.ஐ. உதவியோடு திரட்டிக் கொடுத்ததை வழக்கறிஞர் அப்படியே நம்பித் தாக்கல் செய்திருந்தார். பொய்யான ஆதாரங்களை வைப்பது நீதிமன்ற அவமதிப்பாகவும், மிக மோசமான நிலையில் குற்றமாகவும் ஆகக்கூடும் என்று நீதிமன்றம் எச்சரித்தது.

படி 4: எழுதும்போது

வாதத்தின் எலும்புக்கூட்டை நீங்களே போடுங்கள். அதன்பின் வரைவைக் கருவியிடம் கொடுத்து, எங்கே தர்க்கம் இடறுகிறது, எந்த வாக்கியம் நீளம் என்று கேட்கலாம். இதில் அது உண்மையிலேயே நல்ல துணை.

திருத்தியதை ஏற்கும் முன் பழைய வரைவோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். சட்டத்தில் "செய்யலாம்" என்பதும் "செய்ய வேண்டும்" என்பதும் வேறு வேறு. நடையை மெருகேற்றுகிறேன் என்று ஒன்றை மற்றதாக்கிவிடும். "இந்த நிபந்தனைக்கு உட்பட்டு" போன்ற தொடர்கள் நீளம் கருதிக் காணாமல் போகும். மேற்கோள் குறிக்குள் வரும் ஒவ்வொரு சொல்லும் மூலத்திலிருந்து நீங்களே எடுத்ததாக இருக்கட்டும்.

சாட்சியின் வாக்குமூலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். விடுபட்ட தேதியையோ உரையாடலையோ கருவி நம்பும்படியாக இட்டு நிரப்பிவிடும். ஒரு மனிதர் சத்தியம் செய்து சொல்வதில் அவர் சொல்லாத ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. மொழிபெயர்ப்பைக் கருவி செய்திருந்தால், இரு மொழியும் தெரிந்த ஒருவர் மூலத்தோடு வைத்துப் படித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

படி 5: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்

ஏ.ஐ. பயன்படுத்தினால் தெரிவிக்க வேண்டும் என்று சில நீதிமன்றங்கள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. தாக்கல் செய்யும் நீதிமன்றத்தின் விதியை ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாணவர்கள் கல்லூரி விதியைப் பார்க்க வேண்டும். ஜூனியர்கள் சீனியரிடம் மறைக்கக் கூடாது. கட்டணத்தில் ஒளிவுமறைவு வேண்டாம்: பத்து மணி நேர வேலை இரண்டு மணியில் முடிந்தால், மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் இரண்டு மணிக்குத்தான் வாங்கலாம். சரிபார்க்கச் செலவான நேரத்தைச் சேர்த்துக்கொள்வது நியாயமே.

தாக்கல் செய்தபின் பிழை தெரிந்தால்

அன்றே சீனியரிடம் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஏவியாங்கா வழக்கில், தீர்ப்புகள் இருக்கின்றனவா என்ற சந்தேகத்தை நீதிமன்றமே எழுப்பிய பிறகும் வழக்கறிஞர்கள் அவற்றை விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நீதிபதி எழுதினார்.

நீதிமன்றத்துக்கு ஒரு சிறு மெமோ போதும். எந்தப் பக்கத்தில் எந்த மேற்கோள் தவறு, அது எப்படி வந்தது, அதை நீக்கினால் வாதத்தில் மிச்சம் நிற்பது எது என்று எழுதுங்கள். பழியைக் கருவியின் மீது போடாதீர்கள். திருத்திய மனுவை இணைத்து, எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் கொடுத்து, கட்சிக்காரருக்கும் தெரிவித்துவிடுங்கள். பிறகு அதே கருவியிலிருந்து வந்த மற்ற மேற்கோள்களை, ஏற்கெனவே பார்த்தவை உட்பட, மூலத்தில் மறுபடி எடுத்துப் படியுங்கள்.