பேரக்குழந்தையின் பிறந்தநாள்: தாத்தா பாட்டியோடு வீட்டிலேயே கொண்டாடுவது எப்படி?

மூன்று வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள், தாத்தா பாட்டி ஊரிலிருந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் அவர்களை சோபாவில் உட்கார வைத்துவிட்டு, கேக் வெட்டும்போது மட்டும் போட்டோவுக்குக் கூப்பிடுகிறோம். இந்த முறை முக்கியமான வேலைகளை அவர்கள் கையில் கொடுங்கள்.

1. நாள் குறிப்பது

பெரியவர்கள் தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்ப்பார்கள், நாம் ஆங்கிலத் தேதி பார்ப்போம். இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் அமையாது. நட்சத்திரத்தன்று காலையில் எண்ணெய்க் குளியல், கோயிலில் குழந்தை பெயரில் அர்ச்சனை. அர்ச்சனையைத் தாத்தா பார்த்துக்கொள்ளட்டும். தேதியன்று சாயங்காலம் கேக். புதுச் சட்டையின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுப்பது பாட்டி வேலை.

2. சேமியா பாயசம்

எட்டுப் பேருக்கு 1 லிட்டர் பால், 100 கிராம் சேமியா, 150 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி நெய், கொஞ்சம் முந்திரி, திராட்சை, 3 ஏலக்காய் போதும். அடுப்புப் பக்கத்தில் பாட்டிக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், வெகுநேரம் நிற்க வேண்டாம்.

நெய்யில் முந்திரி திராட்சையை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் சேமியாவைப் பொன்னிறமாக வறுக்கவும். பாலைக் கொதிக்க வைத்து அதில் சேமியாவைப் போட்டு வேகவிடவும். நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை, முன்னாலேயே போட்டால் சேமியா சரியாக வேகாது. அப்புறம் ஏலக்காய்ப் பொடி, முந்திரி, திராட்சை. ஆற ஆறப் பாயசம் கெட்டியாகும், அதனால் கூடுதலாக ஒரு டம்ளர் காய்ச்சிய பாலைத் தனியே எடுத்து வையுங்கள். வெல்லம் போடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்து, பால் கொஞ்சம் ஆறியதும் ஆறிய பாகை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும்.

3. ஆரத்தி

குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பது இதைத்தான். தட்டில் தண்ணீர் ஊற்றி அரை ஸ்பூன் மஞ்சள்தூளைக் கலக்குங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் துளி சேர்த்ததும் மஞ்சள் தண்ணீர் சட்டென்று சிவப்பாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் மஞ்சளின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். குழந்தை கண்ணெதிரே பாட்டி இதைக் கலக்கட்டும். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை தொட விடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

குழந்தையை மணையில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, இரண்டு பாட்டிகளும் சேர்ந்து சுற்றலாம். கணவரை இழந்தவர் என்று எந்தப் பாட்டியையும் ஒதுக்கி நிறுத்தாதீர்கள். அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்த கைக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

4. சாயங்காலம்

குழந்தை மதியம் தூங்கி எழுந்த பிறகு, 5 மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மெழுகுவத்தியை ஊதி அணைப்பது பெரியவர்களுக்கு மனக்குறையாக இருந்தால், வயதுக்கு ஒன்றாக மூன்று அகல்விளக்குகளைத் தாத்தா குழந்தையின் கையைப் பிடித்து ஏற்றட்டும். பிறகு கேக். அன்றைக்கே குழந்தையைக் கதவு நிலையோடு நிற்க வைத்து, உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். அதுவும் தாத்தா வேலைதான், வருடா வருடம் தொடரலாம்.

5. கவனிக்க வேண்டியவை

பலூனைப் பெரியவர்கள்தான் ஊத வேண்டும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைக்கும். குழந்தைகளுக்கான பாயசத்தில் முழு முந்திரி வேண்டாம், பொடித்துப் போடச் சொல்லி பாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.