ஓடும்போது வயிறு கலக்கியது நின்ற கதை

ஞாயிறுதோறும் குன்னூரிலிருந்து கோத்தகிரி சாலையில் ஓடுவேன். 12 கிலோமீட்டர் தாண்டினாலே வயிறு புரட்டும். தேயிலைச் செடி ஓரம் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்த நாட்கள் பல. நீண்ட ஓட்டத்தில் ரத்தம் குடலை விட்டுக் கால் தசைகளுக்குப் போவதால் வரும் பாடு இது.

இதற்காகப் புரோபயாடிக் மாத்திரை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா உள்ள மாத்திரை, சாப்பிட ஆரம்பித்து நான்கே நாளில் நிறுத்தினேன். அது தப்பு, சில வாரங்களாவது அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம் தினமும் வீட்டுத் தயிர். இந்தக் குளிரில் பால் லேசில் உறையாது. வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைப்பார் அம்மா. காலையில் கத்தியால் வெட்டலாம்போல இருக்கும்.

ஓட்டத்துக்கு முந்தின இரவு கீரை, பயறு கிடையாது. அதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆறாவது வாரம், ஓரிடத்திலும் உட்காராமல் கோத்தகிரி போய்ச் சேர்ந்தேன்.