பாறு கூடு கணக்கெடுப்பு: காலி மரத்தையும் எழுதுங்கள்

அக்டோபர் பிறந்தால் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு வேலையை ஆரம்பித்துவிடும். கணக்கெடுப்புக்குப் புது ஆட்களும் வருவார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்வார்கள். பளிச்சென்ற சட்டை, சத்தமாக அடிக்கும் செல்போன் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலரே முதல் நாளில் திருத்திவிடுவார்.

கூட்டுக்கு அடியில் போய் நிற்பது

போகாதீர்கள். தூரத்திலிருந்து தெரியாத கூடு தெரியாமலே இருக்கட்டும்.

காலி மரத்தை எழுதாமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு குழு பருவம் முழுக்க ஓடையோர நீர்மருதுகளைப் பார்த்துவிட்டுத் தாள்களைக் கொடுத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பறவை உட்கார்ந்திருந்த மரங்கள் எல்லாம் இருந்தன. மற்ற மரங்கள்? "அங்கே ஒண்ணும் இல்லைங்க, அதான் எழுதலை" என்றார் அந்தத் தம்பி. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையா, அல்லது யானை நின்றதால் அந்தப் பக்கமே போகவில்லையா? தாளில் இரண்டும் ஒன்றுதான். அடுத்த பருவத்தில் கேட்டால் யாருக்கும் நினைவில்லை. அந்த வருடக் கணக்கை முந்தைய வருடத்தோடு ஒப்பிடவே முடியாமல் போனது. போன பருவத்துக்கு மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வர முடியாதே.

பாறு வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று செத்தால் அந்தக் கூடு பெரும்பாலும் போச்சு. டிசம்பரில் பறவை இருந்த கூடு ஜனவரியில் காலி என்று எழுதியிருந்தால், இடையில் என்ன நடந்தது என்று தேடலாம். பக்கத்துப் பக்கத்துக் கூடுகள் ஒரே வாரத்தில் காலியானால், விஷம் தடவிய சடலமோ, வலி மருந்து ஊசி போட்ட மாடோ அருகில் கிடந்ததா என்று விசாரிக்கக் கிளம்பலாம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போட்ட மாட்டின் சடலத்தைத் தின்றால் பாறு செத்துவிடும்; அதனால்தான் கால்நடைக்கு அது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லிலிட்டராகச் சுருக்க வேண்டியிருந்தது. காலியான தேதி தாளில் இல்லையென்றால் இந்த விசாரணை தொடங்கவே தொடங்காது.

சரி, என்ன எழுதுவது? மரத்தின் எண், போன தேதி, நின்று பார்த்த இடம், பார்த்த நேரம். அப்புறம் மூன்றில் ஒன்று: இருந்தது, இல்லை, போகவில்லை. மரமே வெள்ளத்தில் சாய்ந்திருந்தால் அதையும். 'இல்லை' என்று எழுதும் முன் கொஞ்சம் பொறுங்கள். அடைகாக்கும் பறவை அழுந்தி உட்கார்ந்துவிட்டால் வால் நுனி தெரிந்தாலே அதிர்ஷ்டம்.

கூட்டை எண்ணிவிட்டுக் குஞ்சு என்பது

கட்டிய கூடு வேறு, முட்டை வைத்த கூடு வேறு, குஞ்சு பறந்த கூடு வேறு. ஒரே தடவை போய்வந்தவர் மூன்றாவதைப் பற்றிப் பேசக் கூடாது.

எண்ணிக்கை ஏறியதும் துள்ளுவது

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் 320. சந்தோஷம்தான். ஆனால் வருடத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை, நான்கைந்து வயதாகாமல் ஜோடி சேராத பறவை, பத்து மாதத்தில் குஞ்சுகளால் மட்டும் இவ்வளவு ஏறாது. பருவம் மாறினாலும், பார்க்கும் இடமும் ஆட்களும் மாறினாலும் எண் மாறும். எத்தனை பேர், எத்தனை இடம், எத்தனை மணி நேரம் என்ற விவரத்தையும் சேர்த்தே படியுங்கள்.

வானத்தில் வட்டமிடுவதைக் கூட்டிக்கொண்டே போவது

ஒரே பறவையை மூன்று குழு எழுதும். நேரமும் போன திசையும் இல்லாத எண்ணை நான் அடித்துவிடுவேன்.

கூட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது

இந்தப் பருவம் முடிந்த பிறகும் வேண்டாம். அதே மரத்தில் மறுபடி கட்டும் வழக்கம் அவற்றுக்கு உண்டு.