சீட்டில் ஆள், ரூனில் வானிலை: இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறை

குறி பார்க்கும் டாரட் சீட்டோடு, ரூன்கள் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது ஓர் அட்டவணையை. இந்தச் சீட்டுக்கு இந்த ரூன், அந்தச் சீட்டுக்கு அந்த ரூன் என்று போட்டிருக்கும். அதை விட்டுவிடுங்கள். டாரட்டின் 78 சீட்டுகளில் பெரிய சீட்டுகள் 22, பழைய ரூன் வரிசையின் எழுத்துகள் 24. எப்படிப் பொருத்தினாலும் இரண்டு மிஞ்சும், மிஞ்சியதை எங்காவது திணிப்பார்கள். வரலாற்றிலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. 24 எழுத்துகளும் வரிசையாக வெட்டப்பட்ட கில்வர் கல் சுவீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ 400ஆம் ஆண்டு. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது, குறி பார்க்கும் பழக்கமாகப் பரவியதோ 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். ஆகவே நாம் செய்வது இந்தக் காலத்து ஒட்டுவேலை. தெரிந்து செய்தால் தப்பில்லை.

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். தெரிந்தவர்களுக்கு மட்டும், சமையலறை மேசையில், காசு வாங்காமல் பார்ப்பேன். எனக்கு ஒரே விதிதான்: சீட்டு ஆளைக் காட்டும், ரூன் வானிலையைக் காட்டும். ரூன்களின் பெயர்களைப் பாருங்கள். ஆலங்கட்டி, பனிக்கட்டி, சூரியன், பகல், அறுவடை, நீர், பிர்ச் மரம், குதிரை, மாடு. குளிர்நாட்டு விவசாயி ஒருவரின் முற்றத்தில் நிற்பது போலிருக்கும். சீட்டுகளிலோ அரசி, துறவி, பிச்சைக்காரர், சுத்தியல் பிடித்த தொழிலாளி என்று மனிதர்கள்தான். ஆளையும் அவர் நிற்கும் நிலத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது பேச ஏதாவது கிடைக்கும். மனிதனைக் குறிக்கும் மன்னாஸ், திர் என்ற தெய்வத்தைக் குறிக்கும் திவாஸ் போன்ற சில ரூன்கள் இந்த விதிக்கு அடங்காது. அவை விழுந்தால், "உங்கள் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார், யார் அது?" என்று கேட்டுவிடுவேன்.

சீட்டுக்கட்டுக்கு, 1909இல் வெளிவந்த ரைடர் வெயிட் கட்டே போதும். பமேலா கோல்மன் ஸ்மித் அதில் 78 சீட்டுகளுக்கும் காட்சிகளை வரைந்திருக்கிறார். பழைய மார்செய் கட்டில் எண் போட்ட சின்னச் சீட்டுகளில் வெறும் வாள்களும் கிண்ணங்களும்தான் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கும். பக்கத்தில் ரூனையும் வைத்தால் குறியீட்டுக்குமேல் குறியீடாகி, புதிதாகப் படிப்பவருக்கு வாயே திறக்காது.

ரூன்களை நீங்களே செய்துகொள்ளலாம். காற்றில் ஒடிந்து விழுந்த பிர்ச் கிளை, கட்டைவிரல் பருமனில் ஒன்று போதும். நன்றாகக் காய்ந்த பிறகு வட்டு வட்டாக 24 துண்டுகள் வெட்டி, எழுத்தைச் சூட்டுக்கோலால் மேலோட்டமாகச் சுட்டுக்கொள்ளுங்கள். ஆழமாகச் செதுக்கினால், அவற்றைப் போட்டு வைக்கும் பைக்குள் கைவிடும்போதே விரல் படித்துவிடும். கடையில் வாங்குவதானால் இரண்டு எச்சரிக்கைகள். 25ஆவதாக எழுத்தில்லாத ஒரு கல் இருந்தால் அதை எடுத்து வெளியே வையுங்கள், அது 1980களில் சேர்ந்த புதுவரவு. 18 எழுத்துகள் மட்டும் உள்ள தொகுப்பு என்றால் வாங்கவே வேண்டாம். அது கீடோ ஃபான் லிஸ்ட் என்ற ஆஸ்திரியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய வரிசை, இனவெறியோடு சேர்ந்தே வளர்ந்தது. சூரிய ரூனை இரட்டையாகப் போட்ட பதக்கத்தையும் தொடாதீர்கள். அது ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் சின்னம், இங்கே தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பரப்பும் முறை. மேசையில் ஒரு வெள்ளைத் துணி. இது ரோம எழுத்தாளர் டாசிட்டஸ் தந்த யோசனை. அக்கால ஜெர்மானியர் காய்க்கும் மரத்தின் கிளையைத் துண்டாக்கிக் குறிகள் இட்டு, வெள்ளைத் துணியில் வீசி, வானத்தைப் பார்த்தபடி மூன்றை எடுப்பார்கள் என்று அவர் சுமார் 98ஆம் ஆண்டில் எழுதினார். அந்தக் குறிகள் ரூன்கள் என்று அவர் சொல்லவில்லை. பிர்ச் காய்க்கும் மரமும் அல்ல. இருந்தாலும் அந்த மூன்று எனக்குப் பிடித்திருக்கிறது.

கேட்பவர் சீட்டைக் கலைத்து மூன்றை வரிசையாகக் கவிழ்த்து வைக்கட்டும். அப்புறம் பையைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மூன்று ரூன்கள் எடுத்து, சீட்டுக்குக் கீழே ஒவ்வொன்று கவிழ்த்து வைக்கட்டும். முதலில் சீட்டுகளை மட்டும் திறந்து பேசி முடியுங்கள். பிறகுதான் ரூன். வரிசை மாறினால் ஆலங்கட்டி ரூனைப் பார்த்த உடனேயே ஆள் பயந்துவிடுவார், சீட்டில் என்ன வந்தாலும் காதில் ஏறாது.

ரூனின் பொருளுக்கு ஒற்றைச்சொல் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு ரூனுக்கும் சில அடிகள் சொல்லும் பழைய ரூன் பாடல்களைப் படியுங்கள். நோர்வேப் பாடல் 16 ரூன்களுக்கு மட்டும்தான். மீதிக்கு ஆங்கிலேயரின் பழம்பாடல் இருக்கிறது. மாட்டையும் செல்வத்தையும் குறிக்கும் ஃபெஹுவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல்களில் "பணவரவு" என்று போட்டிருக்கும். நோர்வேப் பாடலோ, செல்வம் உறவினருக்குள் சண்டை மூட்டும், ஓநாய் காட்டில் வளரும் என்கிறது. பத்துக் கிண்ணம் சீட்டில் வானவில்லின் கீழே கணவனும் மனைவியும் கை உயர்த்தி நிற்க, பிள்ளைகள் ஆடுவார்கள். அதன் கீழே ஃபெஹு வந்தால் நான் வாழ்த்துச் சொல்வதில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறது என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

சீட்டும் ரூனும் இப்படி முரண்படும் இடத்தில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் சீக்கிரம் கடந்துவிடுங்கள். ஐந்து நாணயம் சீட்டில் ஒளிவீசும் தேவாலய ஜன்னலுக்குக் கீழே இரு ஏழைகள் பனியில் நடக்கிறார்கள். இல்லாமையைக் குறிக்கும் நௌதிஸ் ரூனுக்கு நோர்வேப் பாடல் சொல்வது, உடையில்லாதவன் உறைபனியில் விறைப்பான் என்று. இரண்டும் சேர்ந்து வந்தால் கஷ்டம் இரட்டிப்பு என்று பொருளில்லை, ஒரே செய்தி இரண்டு முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை எட்டு வாளும் ஈசாவும். இங்கே மழலையர் பள்ளியில் உதவியாளராக இருக்கும் ஒரு தோழி, தாதியர் படிப்புக்குப் போகலாமா என்று கேட்டபோது நடுவில் இந்த இரண்டும் விழுந்தன. சீட்டில் கண்ணும் கையும் கட்டப்பட்ட பெண், பின்னாலும் பக்கத்திலும் வாள்கள். ஆனால் முன்பக்கம் திறந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. ஈசா என்றால் பனிக்கட்டி. எல்லாம் உறைந்து நிற்கிறது, காத்திரு என்றுதான் பலரும் படிப்பார்கள். நோர்வேப் பாடலில் பனிக்கட்டி ஓர் அகலமான பாலம். அடுத்த அடியில், குருடனை யாராவது கைப்பிடித்து நடத்த வேண்டும். கண் கட்டிய பெண்ணுக்குக் கீழே இந்த அடிகள் வந்து விழுந்தால் வேறென்ன சொல்வது? தோழிக்குப் பயம் படிப்பில் இல்லை, நோர்வேஜிய மொழித் தேர்வில். யார் உங்களோடு தினமும் நோர்வேஜியம் பேசுவார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரை அங்கேயே எழுதி வைத்தோம். மூன்றாவது சீட்டைப் பற்றி அன்று அதிகம் பேசவில்லை.

தலைகீழாக விழும் ரூன்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. 24இல் ஒன்பது தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், மீதிக்கு மட்டும் கெட்ட பொருள் சொல்வது நியாயமாகப் படவில்லை. தலைகீழ்ச் சீட்டைப் பார்ப்பதா என்பது உங்கள் விருப்பம்.

தொங்கும் மனிதன் சீட்டு வந்தால் எல்லோரும் ஓடின் என்ற வடநாட்டுத் தெய்வத்தின் கதைக்குப் போவார்கள். ஈட்டியால் குத்துண்டு ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கித்தான் அவர் ரூன்களைப் பெற்றார். இத்தாலியில் துரோகிகளை ஒரு காலில் கட்டித் தொங்குவதாக வரைந்து அவமானப்படுத்தும் வழக்கம் இருந்தது. அந்தச் சீட்டு அங்கிருந்து வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கதையைச் சொல்லாமல் விட எனக்கும் மனம் வராது.

பதில் பிடிக்கவில்லை என்று நாலாவது ரூன் எடுக்கக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நோய், வழக்கு பற்றிய கேள்விகளுக்குப் பையையே திறக்க வேண்டாம், அவற்றுக்கு வைத்தியரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். முடிந்ததும் துணியோடு ஒரு படம் எடுத்துக் கேட்பவருக்கு அனுப்பிவிடுங்கள். சீட்டுகள் 78, ரூன்கள் 24 என்று எண்ணி எடுத்து வையுங்கள். பையை ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், வட்டுகள் வெடித்துவிடும்.